கைதிச் சுவரில் வால்மா அத்தை

கைதி வாரிசுகள் சங்கத்தின் வருடாந்திர நடை. டிவைன்ஸ் மலை ஏற்றத்தில் என் அண்ணன் ரஸ் எல்லாருக்கும் முன்னால் நடந்தான். தொப்பியில் கால்விலங்குப் படம், நெஞ்சில் ‘கைதியின் வாரிசு’ என்ற வில்லை. எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் நெட் ஸ்லாட்டரி, நாடுகடத்தப்பட்ட கைதியாக, காலில் சங்கிலியோடு பாறை பிளந்து போட்ட சாலை இது. ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் கறுத்தவன்தான் இந்த ரஸ்.

அவன் கல்யாண விருந்தில் எங்கள் அத்தை வால்மா பெண் வீட்டாரிடம், “எங்காளு ஆடு திருடி மாட்டிக் கப்பல்ல வந்தவரு. வடக்குச் சாலை அவரு கை வேலைதான்” என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை. கைதிகள் கட்டிய சாலைச் சுவரில் பாசி சுரண்டி உளித்தடம் தேடித் திரிந்தவள் குடும்பத்திலேயே அவள் ஒருத்திதான். அன்றைக்குக் கைதி ரத்தம் என்றால் சம்பந்தமே முறியும். ரஸ் சிரித்த முகம் மாறாமல் அவளைக் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே விட்டு வந்தான். அதன்பின் ஒரு கிறிஸ்துமஸுக்கும் அவளை யாரும் அழைக்கவில்லை. நான் மட்டும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் புதைத்தபோதும் நானும் பாதிரியாரும்தான்.

இப்போது கைதி வம்சம் கௌரவமாகிவிட்டது. ரஸ் சங்கத் தலைவராகிவிட்டான்.

நடையின் முடிவில், பெரிய தாங்குசுவரில் கை வைத்து, அவரவர் ஆளின் பெயர், குற்றம், தண்டனை மூன்றையும் சொல்வோம். கூட்டம் கைதட்டும். நெட்டைத் தேடிக் கண்டுபிடித்தது வால்மா என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லும்படி, காலையில் ஆற்றைக் கடக்கும்போதே ரஸ்ஸிடம் கேட்டிருந்தேன். பார்க்கலாம் என்றான்.

“நெட் ஸ்லாட்டரி. ஆடு திருட்டு. பதினாலு வருஷம்” என்றான் சுவரருகே. கைதட்டல் அடங்கியதும், “எங்க வீட்ல இதை யாரும் ஒருநாளும் மறைச்சதில்ல” என்றான்.

கிட்டே போய், அத்தை பெயரைச் சொல் என்றேன்.

“இப்ப வேணாம், நோரீன். ஆளுங்க இருக்காங்க.”

கல்யாணத்தன்று அத்தையிடமும் இதையேதான் சொன்னான்.

நானே சுவரில் கை வைத்தேன். “வால்மா ஸ்லாட்டரி. கல்யாண விருந்துல உண்மையைச் சொன்னா. ஆயுள் தண்டனை.”

வழக்கம்போலக் கூட்டம் கைதட்டியது. எந்தக் கப்பலில் வந்தாள் என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். கப்பலில் இல்லை, கல்யாணத்துக்குப் பஸ்ஸில் வந்தாள் என்றேன். யாருக்கும் புரியவில்லை.

எல்லாரோடும் சேர்ந்து ரஸ்ஸும், சிரித்த முகம் மாறாமல், தட்டிக்கொண்டிருந்தான்.