வழக்கத்துக்கு மாறான வாடை

காலையிலிருந்து ஜெரின் இருமிக்கொண்டிருந்தான். இரண்டு வயதுக் குழந்தை. கண்கள் சிவந்து நீர் வடிந்தது. திருவொற்றியூரில், தொழிற்சாலைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜானட் போனிலிருந்த ஏஐ செயலியிடம் கேட்டாள். அது பதிலுக்குக் கேட்டது. காய்ச்சல் இருக்கிறதா? இல்லை. மூச்சு வாங்குகிறதா? இல்லை. வீட்டுக்குள் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வாடை வருகிறதா?

ஜானட் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். இல்லை என்று தட்டினாள்.

அப்படியானால் சாதாரணச் சளியாக இருக்கலாம், மூச்சுத் திணறினால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்றது.

"சளிதானாம்," என்றாள்.

கன்டெய்னர் யார்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன் நோயல், "இதையேதான் நானும் சொன்னேன். நான் சொன்னா நம்பமாட்ட, அது சொன்னா நம்புவ," என்றான்.

அப்போது ஜானட்டின் தங்கை பிளெஸி புழலிலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்று துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, இன்னா இது? கொமட்டிகினு வருது."

"இன்னாது?"

"இன்னாதா? கூமுட்டைய ஒடச்சி ஊத்துன மாதிரி நாறுது. மாமா, ஒனக்கு மூக்கு கண்ணாடி மாட்ட மட்டுந்தானா?"

நோயல் சிரித்தான். "புழல்காரி வந்துட்டா. எப்பவும் போலத்தான் கீது."

ஜானட் மறுபடி மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தங்கையின் கண்களைப் பார்த்தாள். அவையும் ஜெரினின் கண்களைப் போலச் சிவக்கத் தொடங்கியிருந்தன. போனை நீட்டினாள். "நீ சொல்லு அதுகிட்ட."

பிளெஸி வாடையைச் சொன்னதும், இம்முறை அது கேள்வி கேட்கவில்லை. குழந்தையை உடனே அங்கிருந்து வெளியேற்றுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள் என்றது. என்ன வாயு என்று தனக்குத் தெரியாது, அவர்கள் சொல்வதைத் தவிர அந்த இடத்தைப் பற்றித் தன்னிடம் வேறு தகவல் இல்லை என்றது. சில வாயுக்களைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு வாடை தெரியாமல் போய்விடும், தெரியவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகாது என்றும் சொன்னது.

"இத காத்தாலயே சொல்லக்கூடாதா?" என்றாள் ஜானட்.

"நாறலைன்னு நீதான சொன்ன? அதுக்குத்தான் மூக்கு இல்ல. ஒனக்கு இன்னா கேடு?" என்றாள் பிளெஸி.

நோயல் சட்டையை மாட்டியபடியே ஆட்டோ கூப்பிட ஓடினான்.

மருத்துவமனையில் ஜெரினுக்கு மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். கொஞ்ச காலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்றார் டாக்டர். ஜானட் குழந்தையோடு புழலில் தங்கினாள். அவனுக்கு இருமல் நின்றது. மசாலா கம்பெனியில் அவளுக்குக் கொடுத்த லீவு முடிந்தது. ஜெரினைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். அவன் வாளித் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

திருவொற்றியூரில் வீட்டுக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. கூமுட்டை வாடைதான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்குள்தான் ஜெரின் பிறந்ததிலிருந்து படுத்திருந்தான்.

போனை எடுத்தாள். வாடை வருகிறதா என்ற பழைய கேள்வி அப்படியே இருந்தது. அதன் கீழே அவளுடைய 'இல்லை'. இப்போது, நாத்தம் வருது என்று தட்டினாள். உடனே வெளியேறுங்கள் என்று பதில் வந்தது. படித்தாள். உள்ளே போய் அரிசி களைந்து உலையில் போட்டாள்.

சோறு கொதித்தபோது மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். சோற்றின் ஆவி மட்டும் தெரிந்தது.