வெடிச் சர்க்கரை

சாலவாக்கத்தைத் தாண்டி, மலையை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சின்ன ஊரில் மத்தியானம் ஒரு மணிக்குச் சங்கு ஊதும். ஊதி முடித்ததும் ஊரே மூச்சை அடக்கிக்கொள்ளும். கோழி கொத்துவதை நிறுத்தும். தெருநாய் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும். அப்புறம் கல்குவாரியில் வெடி வெடிக்கும். வெள்ளைத் தூசி மெல்ல எழுந்து, எங்கே போவதென்று தெரியாத மேகம்போல வந்து கூரைகள்மேல் உட்காரும். அவ்வளவுதான். ஊர் விட்ட இடத்திலிருந்து சோற்றைப் பிசையும்.

பிரிஸ்கில்லாவால் மட்டும் பிசைய முடியாது. காவாந்தண்டலத்துப் பெண் அவள். அங்கே பெரிய சத்தம் என்றால் நெல்லறுக்கும் மிஷின்தான். சாம்சனைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருஷமாகியும் வெடிக்கு வெடி அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருப்பது கரண்டியானால் கரண்டி பறக்கும், குழம்பானால் குழம்பு.

அதற்கு ஆளுக்கொரு வார்த்தை வைத்திருந்தார்கள். குவாரியில் பாறைக்குத் துளை போடும் சாம்சன், "மரத்துடும்" என்றான். புருஷன் போனபின் தம்பி வீட்டோடு இருக்கும் அவன் அக்கா மார்த்தாள், முப்பது வருஷம் ஜல்லி உடைத்த உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "காப்பு காய்ச்சிடும்மே. கைக்குக் காய்ச்சாப்பல மனசுக்கும் காய்ச்சிடும்." எதிர்வீட்டு வேதகிரிக்கு எல்லாமே கிண்டல். "பழகப் பழகப் பாலே புளிக்குதாம். வெடி இன்னா பெரிய வெடி?"

மூன்று வார்த்தையும் பிரிஸ்கில்லாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முட்டி போட்டு, எனக்கும் காய்ச்சுப் போகட்டும் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டாள். ஆண்டவர் என்ன நினைத்தாரோ, காய்க்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்து நாற்பது நாள் ஆனதும் மலையைப் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார்கள். வெடிக்குப் பிள்ளை வீறிட்டு அழும். மறுநாளும் பிடிப்பார்கள். என்றைக்கு அழாமல் இருக்கிறதோ அன்றைக்குத் தெருவுக்கே சர்க்கரை. சில பிள்ளைகளுக்கு மூன்று மாசம் ஆகும், சிலதுக்கு ஆறு. சாம்சனுக்கே ஐந்து மாசம் ஆனதாம்.

பிரிஸ்கில்லாவின் மகள் ஜெமிமா முதல் நாளே அழவில்லை. இமைகூட அசையவில்லை. மலையைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

தெரு வாயைப் பிளந்தது. மார்த்தாள் ஒரு கிலோ சர்க்கரையை வீடு வீடாக அள்ளிக் கொடுத்தாள். "கல்லுல பொறந்த புள்ள" என்று குவாரியெல்லாம் சொல்லித் திரிந்தான் சாம்சன். பிரிஸ்கில்லாவுக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்? தனக்கு வராதது மகளுக்கு வந்துவிட்டதே.

தரையில் விட்டால் ஜெமிமா வெடி நேரத்தில் உள்ளங்கையைத் தரையில் பதித்துக் கெக்கெக்கென்று சிரிப்பாள். வெடியோட வெளாடுது பாரேன் என்று கொஞ்சுவார்கள். எட்டு மாசம் இப்படியே ஓடிப்போனது.

ஒரு நாள் தூளியில் போட்டிருந்தபோது சங்கு ஊதியது. பிரிஸ்கில்லா தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளை விழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஓட்டுச் சந்து வழியாக இறங்கிய வெயிலில் தூசி மிதந்தது. அதைப் பிடிக்க விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். வெடித்தது. பிரிஸ்கில்லா துள்ளினாள். தூளிக்குள் அந்த விரல் நடுங்கக்கூட இல்லை. சிரிப்பும் இல்லை. வெடி என்று ஒன்று நடந்ததாகவே அந்த முகத்தில் தெரியவில்லை.

தரையில் இருந்தால் தெரிகிறது. அந்தரத்தில் இருந்தால் தெரியவில்லை.

பிள்ளையைத் தூக்கிப் பாயில் உட்காரவைத்தாள். முதுகுப்பக்கம் போய் நின்று தட்டைக் கரண்டியால் அடித்தாள். ஜெமிமா தூசியைத்தான் பார்த்தாள். "ஜெமி... கண்ணு..." என்று கூப்பிட்டாள். ம்ஹூம். அம்மிக் குழவியைத் தூக்கித் தொப்பென்று தரையில் போட்டாள். பிள்ளை உள்ளங்கையைத் தரையில் வைத்துச் சிரித்தது.

பிரிஸ்கில்லாவுக்கு ஏரித் தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. வெளியே கோழி, ஆள், லாரி எல்லாம் சத்தமில்லாமல் அசைந்தன. என் மகள் இத்தனை நாளும் இங்கேதான் இருந்தாளா, தனியாகவா இருந்தாள் என்று நினைத்ததும் நெஞ்சு வெடித்து அழுகை வந்தது.

சாம்சன் ஒத்துக்கொள்ளவில்லை. "தைரியமான புள்ளையப் போய் நோயாளி ஆக்குற. வுடு."

"ஒரே ஒரு தடவ காட்டிட்டு வரேன். ஒண்ணும் இல்லன்னா என்னைத் திட்டு."

"எங்க வூட்டுப் புள்ளைக்கு இன்னா கொற?" என்று சீறினாள் மார்த்தாள். ஆனால் விடியற்காலை பஸ்ஸுக்குப் புடவை மாற்றிக்கொண்டு முதலில் நின்றவளும் அவள்தான்.

உத்திரமேரூரில் பார்த்து, செங்கல்பட்டுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே பிள்ளையைத் தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா கொஞ்ச வயசுக்காரி. "பிறந்ததுல இருந்தே கேட்கலை. இத்தனை மாசமா வீட்ல யாருக்குமா தெரியல?"

மார்த்தாள்தான் சொன்னாள். "பழகிடுச்சுன்னு சக்கரை குடுத்தோம்மா."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மார்த்தாள் திரும்பும் வழியெல்லாம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அலைந்து அலைந்து, நாலு மாசம் கழித்து இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. போகப் போகத்தான் தெரியும், நம்பிக்கையோடு பழக்குங்கள், வெடி நேரத்தில் மட்டும் கழற்றிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று நாள் கூப்பிட்டுப் பார்த்தாள் பிரிஸ்கில்லா. மிஷினைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள் மகள்.

நாலாம் நாள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. மிஷினைக் கழற்றப் போன பிரிஸ்கில்லாவின் கை பாதியில் நின்றது. ஜெமிமாவின் கழுத்து மெல்ல மலைப்பக்கம் திரும்பியது. கண் அகலமானது. கீழுதடு பிதுங்கியது. பிறகு நாற்பதாம் நாள் அழாத அழுகையையும் சேர்த்து வீறிட்டாள்.

"அண்ணி! பயப்படுறா!" என்று மார்த்தாளைக் கூவி அழைத்தாள்.

பிரிஸ்கில்லா சிரித்தபடியே அழுதாள். மிஷினைக் கழற்றி, இரண்டு சின்னக் காதையும் பொத்தி, மகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். மார்த்தாள் உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று தெருவில் இறங்கினாள்.

வெடி வெடித்தது. முப்பது வருஷமாக அசையாத மார்த்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பா சரிந்து பாதிச் சர்க்கரை மண்ணில் கொட்டியது.

"இன்னா மார்த்தா, உனுக்கே பழகலையா?" வேதகிரி வாசலில் நின்று சிரித்தார். "யாருக்குச் சக்கரை?"

"எங்க ஜெமி சங்கு சத்தம் கேட்டு அழுதுச்சுண்ணே" என்றாள் மார்த்தாள். டப்பாவில் மிச்சமிருந்ததை அள்ளினாள். "இந்தா, கைய நீட்டு."