கடைசி வரிசை நாற்காலி

அது வெள்ளிக்கிழமைதான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை, வியாழனாகவும் இருந்திருக்கலாம். கெடு தேதியைப் பற்றிக் கதை சொல்லப் புறப்பட்டுவிட்டுக் கிழமையை மறந்துபோவது நல்ல லட்சணம் இல்லைதான். ஆனால் வக்கீலம்மா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார் என்பதில் சந்தேகமே கிடையாது.

பட்டறையில் உட்கார வேறு இடம் இல்லை. பூங்காக்களுக்கு ஊஞ்சலும் சறுக்குப்பலகையும் செய்கிற பட்டறை அது. அக்கா வெல்டிங் வைப்பாள். அத்தான் ஊரெல்லாம் பேசி ஆர்டர் பிடிப்பார். தம்பி பெயின்ட் அடிப்பான். தம்பிக்கு வைத்த பெயர் வேறு. எல்லோரும் கூப்பிட்டது மௌனசாமி என்று. அவனிடம் ஒன்று கேட்டுவிட்டு, ஒரு கோட் பெயின்ட் காய்கிறவரை பொறுத்திருந்தால் பதில் வரும். பெரும்பாலும் "பாக்கலாம்" என்று வரும்.

நகராட்சி அந்த வருடம் எல்லாப் பூங்காவுக்கும் புது ஊஞ்சல் வாங்க டெண்டர் விட்டது. அக்காவும் போட்டிருந்தாள். கிடைத்தது வேறொரு கம்பெனிக்கு. அந்தச் செய்தியைச் சொல்லும் கடிதம் தபாலில் வந்த அன்று, அக்கா முகமூடியைக் கழற்றாமலே படித்தாள்.

"நம்மள விட நல்லா செஞ்சு வாங்கியிருந்தாலும் மனசு ஆறும்," என்றாள் இப்போது வக்கீலம்மாவிடம். "சின்னப் பிள்ளைங்க கால் தரையில படணும்னு டெண்டர்லயே போட்டிருக்கு. அவங்க மாதிரிக்கு வச்ச ஊஞ்சல்ல நானே எம்பித்தான் உக்காரணும்."

"நீ உக்காந்தா சங்கிலி இறங்கிடும். அந்தக் கணக்குல விட்டுட்டாங்க போல," என்றார் அத்தான்.

"உங்க வாய இறக்குங்க முதல்ல."

விளையாட்டாகப் பேசினாலும் இருவருக்கும் நிலைமை தெரியும். இந்த ஆர்டர் இல்லையென்றால் ஷெட்டைக் காலி செய்துவிட்டு, அக்கா வேறு யார் பட்டறையிலாவது கூலிக்கு வெல்டிங் வைக்கப் போகவேண்டியதுதான்.

வக்கீலம்மா காலை உந்தி லேசாக ஆடிக்கொண்டே மடியில் இருந்த மடிக்கணினியில் தட்டினார். "கேஸ் நல்ல கேஸ். முறையீட்டு மன்றத்துல நிக்கும். ஒண்ணே ஒண்ணு, கெடு. முடிவு நமக்குத் தெரிய வந்ததுலேர்ந்து பத்து நாள். அதுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் உள்ளயே விடமாட்டாங்க. கடுதாசி வந்த நாள வச்சுப் பாத்தா அடுத்த வாரம் வரைக்கும் இருக்கு. நிதானமா எழுதலாம்."

சுவரோரம் சறுக்குப்பலகைக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்த மௌனசாமியின் கை நின்றது.

"கடுதாசி வந்த நாள்தானே கணக்கு?" என்று அத்தான் கேட்டார்.

"தெரிய வந்த நாள். அதுக்கு முன்னாடி வேற வழியில தெரிஞ்சிருந்தா அந்த நாள். முடிவ வாசிச்ச கூட்டத்துக்கு உங்க ஆளு யாரும் போகலையே?"

"யாரு போவா? அன்னிக்கு இங்க தலைக்கு மேல வேலை," என்றாள் அக்கா.

"அப்ப, 'எங்கள் தரப்பில் யாரும் கூட்டத்தில் இல்லை'ன்னு ஒரு வரி போட்டுடறேன். சத்தியப் பிரமாணம். நீங்க கையெழுத்துப் போடணும்."

கூட்டம் நடந்த அன்றைக்கு, நகராட்சி அலுவலகத்தில் மாதிரிக்குக் கொடுத்திருந்த ஊஞ்சல் பலகையைத் திருப்பி வாங்கிவரச் சொல்லி அக்கா அனுப்பியது மௌனசாமியைத்தான். பலகை வர நேரமாகும் என்றார்கள். பக்கத்து அறையில் மின்விசிறி ஓடியது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தான். வருகைத்தாள் கைமாறி வந்தபோது எல்லோரும் போடுகிறார்களே என்று அவனும் போட்டான். பிறகு முன்னால் ஒருவர் எழுந்து முடிவை வாசித்தார். பலகையைக் கட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பியவன் அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. எப்படியும் கடிதம் வரும், அதுவே சொல்லட்டும் என்று இருந்துவிட்டான். தன் மௌனத்துக்கு உள்ளே ஒரு கடிகாரம் ஓடும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். பத்தாவது நாள் இன்றைக்கு.

அவனுக்குச் சொற்கள் எப்போதும் தொண்டைவரை ஒழுங்காக வரும். அங்கே வந்ததும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு, நீ முதலில் போ என்று நின்றுவிடும். வக்கீலம்மா அந்த வரியை ஒரு தாளில் எழுதி நீட்ட, அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். பொய் என்று தெரியாமலே ஒரு பொய்க்குக் கீழே பெயரை எழுதப் போகிறாள்.

"நான் இருந்தேன்," என்றான்.

ஊஞ்சல் நின்றது.

"எங்கடா இருந்தே?"

"கூட்டத்துல. கடைசி வரிசையில. கையெழுத்தும் போட்டிருக்கேன்."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

"மாப்ள, நீ பேசாம இருக்கும்போது எவ்வளவு நல்லவனா இருந்தே," என்றார் அத்தான்.

வக்கீலம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப பத்தாவது நாள் இன்னிக்கு. மன்றத்த அஞ்சு மணிக்கு அடைப்பாங்க. அந்த வரிய எடுத்துட்டு, இருந்தார்னே எழுதிடறேன். வண்டிய எடுங்க."

அத்தான் ஓட்ட, முன்னால் உட்கார்ந்து வக்கீலம்மா தட்டச்சு செய்ய, பின்னால் அக்காவும் தம்பியும். அக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. நகலெடுக்கும் கடையில் மிஷின் மூன்றாவது தாளை மென்று தின்றது. அத்தான் அதைத் தட்டி, கொஞ்சி, கடைசியில் திட்டி வெளியே எடுத்தார். மன்றத்தின் படிகளில் ஏறும்போது, கவுன்டரில் இருந்த அம்மாள் வீட்டுக்குக் கிளம்பக் கைப்பையில் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி திரும்ப வெளியே வந்தது. தாள்களைப் புரட்டினார்.

"கூட்டத்துல இருந்த ஆள் யாரு? தேதிய அவரே வாயால சொல்லணும்."

மூன்று பேரும் மௌனசாமியைப் பார்த்தார்கள். பெயின்ட் காய நேரமில்லை. தேதியைச் சொன்னான், வாசலில் நின்ற காவலாளிக்கே கேட்கிற குரலில் சொன்னான்.

அந்த அம்மாள் முத்திரையைக் குத்தினார். பிறகு சும்மா, மனிதருக்கு மனிதர் கேட்பதுபோல, "அன்னிக்கே வீட்டுல சொல்லியிருந்தா இப்படி ஓடி வந்திருக்க வேணாமே?" என்றார்.

மௌனசாமி மேஜையைப் பார்த்தான். "நான் போறப்ப, ஆர்டர் நமக்குத்தான்னு அக்கா சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. திரும்பி வந்தப்பவும் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு."

வெளியே வந்து வண்டியில் ஏறும்போதுதான் அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அடுத்த நிமிடம் அதே இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"இனிமே கெட்ட சேதின்னா அன்னிக்கே சொல்லு. அழுதா அழுதுட்டுப் போறேன்."

"பாக்கலாம்," என்றான்.

மன்றம் முறையீட்டை எடுத்துக்கொண்டது. நகராட்சி ஊஞ்சல்களை மறுபடி அளந்து பார்த்து ஆர்டரை மாற்றிக் கொடுத்தது. அக்கா அதே ஷெட்டில் இன்னும் வெல்டிங் வைக்கிறாள். தோற்ற கம்பெனி பெஞ்சு செய்யப் போய் நன்றாகவே இருக்கிறது. வக்கீலம்மா கூலி போக ஒரு ஊஞ்சலும் கேட்டு வாங்கிப்போய் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டார். கவுன்டர் அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். அத்தானுக்கு முட்டிவலி வந்து இப்போது ஃபோனிலேயே ஆர்டர் பிடிக்கிறார். டெண்டர் கூட்டங்களுக்கு மௌனசாமிதான் போகிறான். முடிந்ததும் வாசலிலிருந்தே அக்காவுக்கு ஃபோன் செய்து, நல்லதோ கெட்டதோ, சொல்லிவிடுகிறான்.