எங்க தலைக்கட்டுதான்

“மதினி, நீங்க வரி குடுக்க வேணாம். இனிமே நீங்களும் எங்க தலைக்கட்டுதான்.”

“அது எப்பிடித் தம்பி? அவுக இருந்தவரைக்கும் நாங்க தனியாத்தான குடுத்தோம்?”

“அண்ணன் இருந்தப்ப சரி. இப்ப ஒங்ககிட்ட வரி வாங்கிட்டு நான் எந்த மொகத்தோட சாமி கும்புடுவேன்?”

கணவன் இறந்த வருடம், ஐயனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு வரி பிரிக்க ஊர்க்காரர்கள் வந்தபோது, கொழுந்தன் அய்யப்பன் வாசலில் நின்று சொன்னது அது. நாகஜோதி வரிப் பணத்தை முந்தானையில் முடிந்து தயாராகத்தான் வைத்திருந்தாள். கொடுக்கும்போது ஒன்று கேட்கவும் நினைத்திருந்தாள். அவன் அப்படிச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கேட்க நினைத்ததைக் கேட்காமலே விட்டுவிட்டாள்.

அந்த ஊரில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கோயில் வரியானாலும் கண்மாய் மீனானாலும் தலைக்கட்டுக் கணக்குதான். ஆண் இல்லாத வீட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அய்யப்பன் சொன்ன வார்த்தையை அவள் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தனக்கும் மகள் தேவிகாவுக்கும் கேட்க ஆள் இருக்கிறது என்ற தெம்பில் ஆடு மேய்த்தாள், மகளைப் படிக்க வைத்தாள்.

சில வருடம் கழித்து, சிங்கம்புணரி ரோட்டை ஒட்டிய ஊர்ப்பொதுத் தரிசுக்கு சோலார் கம்பெனி வந்தது. இடத்துக்கு வாடகை தருவதோடு, கரண்ட் விற்று வரும் வருமானத்தில் ஒரு பங்கை வருடா வருடம் ஊருக்கே தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அங்கே ஆடு மேய்ப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். மேய்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் நாகஜோதியைப் போல ஆண் துணை இல்லாதவர்கள்.

அய்யப்பன் ஒரு மத்தியானம் வந்து, அவள் வைத்த கருவாட்டுக் குழம்பில் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டே பேச்சை எடுத்தான். ஆட்டை விற்றுவிட்டால் எதை வைத்துப் பிழைப்பது என்று கேட்டாள்.

“பங்கு வரும்ல மதினி. வெயிலு அடிக்கிற வரைக்கும் காசு. நம்ம ஊருல வெயிலுக்கா பஞ்சம்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் மற்ற பெண்களிடம் போய்ப் பேசினாள். தயங்கிய சோணையம்மாளிடம், என் கொழுந்தன் ஊர்க் கமிட்டியில் இருக்கும்போது நமக்கென்ன பயம் என்றாள். கூட்டத்தில் முதல் கை அவளுடையதுதான்.

வேலி வந்தது. ஆடுகள் சந்தைக்குப் போயின. தரிசு முழுக்கக் கண்ணாடிப் பலகைகள் வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. நாகஜோதி வீட்டுக் கொட்டகையில் ஆடு கட்டிய கயிறுகள் மட்டும் தொங்கின. தேவிகாவுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. முதல் பங்கு வரட்டும், காரைக்குடிக்குப் போய் பீஸைக் கட்டிவிடலாம் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பங்கு வந்த வாரம் அய்யப்பன் மனைவி, ஓரகத்தி ஈஸ்வரி, ஒரு துணிக்கடைப் பையோடு வந்தாள். மாம்பழ நிறத்தில் நல்ல சேலை.

“ஒங்க பங்குக்குக்கா. அவுகதான் நல்லதாப் பாத்து எடுக்கச் சொன்னாக.”

நாகஜோதிக்கு விளங்கவில்லை. தன் வீட்டுப் பங்கு எங்கே என்று கேட்டாள். ஈஸ்வரிக்கு மறைக்கத் தெரியாது. தலைக்கட்டுக்கு ஒரு பங்கு என்று கமிட்டியில் முடிவாகிவிட்டதாகவும், ஆண் இல்லாத வீடுகளைத் தனியாகச் சேர்த்தால் எல்லாருக்கும் பங்கு குறையுமே என்று பேச்சு வந்ததாகவும் சொன்னாள். நாகஜோதியின் பெயரை ஊர்த் தலைவர் எடுத்ததும் அய்யப்பன்தான் எழுந்தானாம்.

“‘மதினி எங்க தலைக்கட்டுதான்’னு இவுகளே சொல்லிப்புட்டாகக்கா. அதுக்கப்புறம் ஆம்பள இல்லாத மத்த வீட்டையும் அப்பிடியே அவுகவுக சொந்தக்காரக தலைக்கட்டுல சேத்துட்டாக.”

அதே வார்த்தை. நாகஜோதி சேலையை மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். ஈஸ்வரி கண் கலங்கி நின்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

மறுநாள் குழாயடியில் சோணையம்மாள் குடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். “ஒன்னய நம்பித்தான்டி கையத் தூக்குனோம். ஒனக்காச்சும் சேல வந்துச்சு. எனக்கு அதுவும் இல்ல.”

அய்யப்பன் வருவான், ஏதாவது சொல்வான் என்று நாகஜோதி காத்திருந்தாள். ஊர் பேசியதற்குத் தன்னால் என்ன செய்ய முடியும் என்றாவது வந்து சொல்லியிருந்தால் அவள் பாதி ஆறியிருப்பாள். அவன் வண்டி இப்போது அவள் தெரு வழியாக வருவதே இல்லை. கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போனது. பங்கு போனதைவிட, அவன் அந்தச் சுற்றுப் பாதையில் போவதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. தெரியாமல் செய்தவன் சுற்றிக்கொண்டு போக மாட்டான்.

இந்த வருடப் புரவியெடுப்புக்கு வரி போட ஞாயிற்றுக்கிழமை காலை ஐயனார் கோயிலில் ஊர் கூடியது. நாகஜோதி பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பெண்கள் நின்ற வேப்பமரத்தடியில் நிற்காமல் நேராகத் தலைவர் மீனாட்சிசுந்தரம் முன்னால் போய் முடிச்சை அவிழ்த்தாள்.

“என்னத்தா இது? ஒங்களுக்குத்தான் வரி கெடையாதே” என்றார் அவர்.

“இருக்குண்ணே. என் வீட்டு வரி.”

அய்யப்பன் எழுந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், தலைவரிடம் பேசுவது போலச் சொன்னான். “மதினி, ஊரு முன்னாடி எதுக்கு இது? வீட்டுல பேசிக்கிருவோம். நீங்க எங்க தலைக்...”

“அந்தச் சொல்ல இனிமே சொல்லாதீக தம்பி.”

சத்தம் போடவில்லை அவள். வேப்பமரத்தடியில் சோணையம்மாள் தன் இடுப்புச் சுருக்குப் பையைத் தொட்டுப் பார்ப்பது தெரிந்தது.

கணவன் இறந்த வருடம் வாசலில் நின்று கேட்க நினைத்ததை, ஒரு பிரியமான வார்த்தைக்காக விழுங்கியதை, நாகஜோதி இப்போது தலைவரைப் பார்த்துக் கேட்டாள்.

“எம் பேரத் தனித் தலைக்கட்டா எழுதுங்கண்ணே.”