கொட்டகைக்குக் கதவு கிடையாது

அடுத்த வீட்டு வீரம்மா மூன்றாவது சரத்தையும் கொண்டையில் செருகியபோது பவுனம்மாளுக்குப் பூவின் கனத்தில் தலை பின்பக்கம் சாய்ந்தது. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு பூ வைத்ததில்லை. முகத்தில் மஞ்சள், நெற்றி நிறையக் குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல், பெட்டியின் அடியில் கிடந்த கூறைப்புடவை. கருமாதியன்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்காகவே ஒருத்தியை இப்படிச் சோடிக்கிற வழக்கத்தை உண்டாக்கியவர்களுக்குக் கல் நெஞ்சாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கூடத்தில் சபாபதி படுத்திருந்தார். நேற்று மாலை ரயில் பட்டறையிலிருந்து வந்து, ஒரு செம்பு தண்ணீர் கேட்டு, அவள் கொண்டுவருவதற்குள் சுவரில் சாய்ந்தவர். அவ்வளவுதான். அந்தச் செம்பு இன்னும் நடையில் தண்ணீரோடு இருந்தது. அதை எடுத்து வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளை வைத்திருந்தவர்கள் விட்டுப்போனது. புடு ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவர்கள் தங்குவதற்காகச் சபாபதி அதற்குப் புதுக் கூரை போட்டார். தோட்டத்தை விட்டு ஓடியவன், கங்காணி மேல் கைநீட்டியவன், பசிக்குக் கோழி பிடித்தவன் என்று வருவார்கள். சோறு பவுனம்மாள் கையால். வேலை சபாபதி வாயால். சூளையிலோ தண்டவாளத்திலோ சொல்லிச் சேர்த்துவிடுவார். அவரும் ஒரு காலத்தில் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓடிப் பிடிபட்டு உள்ளே இருந்தவர்தான். வெளியே வந்த அன்று எங்கே போவதென்று தெரியாமல் ஜெயில் சுவரோரமே பொழுது சாயும் வரை நின்றாராம். உள்ளே இருந்ததையெல்லாம் மறந்துவிட்டார். அப்படி நின்றதை மட்டும் மறக்கவில்லை.

முதன்முதலில் வந்தவன் கொட்டகை முன்னால் போய் அப்படியே நின்றுவிட்டான். கதவு வெறுமனே சாத்தியிருந்தது, தள்ளினால் திறக்கும். அவன் தள்ளவில்லை.

"அவனா திறக்கமாட்டான் பவுனு," என்றார் சபாபதி. "உள்ள இருந்தவனுக்குக் கதவுன்னா அடுத்தவன் திறந்து விடுற சாமான்."

அன்றைக்கே கதவைக் கழற்றிக் கொல்லைச் சுவரில், கூரைக்கு அடியில் சாய்த்துவிட்டார்.

நேற்று இரவே கிள்ளானிலிருந்து வந்துவிட்ட சபாபதியின் அண்ணன் ரெங்கசாமி, அழுது முடித்த கையோடு அந்தக் கதவைத் தூக்கிக் கொட்டகை வாசலில் நிறுத்திக் கயிற்றால் கட்டினார். கொட்டகையில் இருந்த இருவரையும் விறகு பார்க்கச் சுடுகாட்டுக்கு அனுப்பினார். பாடைக்குத் தோள் கொடுக்க மட்டும் அவர்கள் வரக் கூடாது என்றார். காரியம் முடிந்ததும் பவுனம்மாள் தன்னோடு கிள்ளானுக்கு வந்துவிட வேண்டும், இந்தக் கைதிச் சத்திரம் தம்பியோடு போகட்டும் என்றும் சொன்னார். கெட்டவர் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பேச்சையெல்லாம் இத்தனை வருஷம் காது கொடுத்துக் கேட்டவர் அவர்தான்.

பவுனம்மாளின் மனம் வேறிடத்தில் இருந்தது. இன்று காலை நாகையா என்று ஒருவன் வெளியே வருகிறான். ஜெயில் வாசலில் தான் வந்து நிற்பதாகச் சபாபதி அவனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். ஜெயிலுக்கு எதிரே கள்ளுக்கடை. அதன் வாசலில் ஆள் பிடிக்கிறவர்கள். வெளியே வருகிறவனுக்கு முதல் கோப்பையை ஓசியில் ஊற்றி எங்கேயோ ஓட்டிக்கொண்டு போவார்கள். போனவன் சுற்றி வந்து மறுபடி ஜெயிலுக்குள்ளேதான் நிற்பான். விடியும்போதே யாரையாவது அனுப்பச் சொல்லி ரெங்கசாமியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"பொணத்தைப் போட்டு வச்சிக்கிட்டு ஜெயிலு வாசலுக்கு ஆள் அனுப்பச் சொல்றியே, நல்லாவா இருக்கு?" என்றார் அவர்.

நன்றாக இல்லைதான். ஆனால் செத்தவர் கொடுத்த வாக்கை யார் காப்பாற்றுவது? அவளே போகலாமென்றால், புது வாழ்வுக்கு வருகிறவன் முதலில் பார்க்கிற முகம் புருஷனைப் பறிகொடுத்தவள் முகமாகவா இருக்க வேண்டும்? வீரம்மா கண்ணாடியைக் காட்டினாள். அதில் ஒரு மணப்பெண் இருந்தாள். தாலி கழுத்தில்தான் கிடந்தது.

சபாபதி நாகையாவுக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த வேட்டியை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். வீரம்மாவுக்குச் சொல்லாமலே புரிந்தது. பூ வாடுவதற்குள் வந்துவிடு என்று மட்டும் சொல்லிக் கொல்லைப் படலைத் தள்ளிவிட்டாள்.

இரவு பெய்த மழை இன்னும் தரையில் நின்றது. ஆற்றின் மேலிருந்து எழுந்த பனி சூளைப் புகையோடு கலந்து, பாதை எது, வானம் எது என்று தெரியவில்லை. தூங்காத கண்ணுக்கு எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போலிருந்தது. மாட்டுவண்டிக்காரர் ஒருவர் எதிரே வந்து, வண்டியை நிறுத்தி, அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நல்ல காரியமாகப் போகிறார் போலும். ஈயம் தோண்டும் லம்பத்துக்குப் போகும் சீனப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தது அவளுக்கே தூரத்தில் யாரோ சிரித்ததாக இருந்தது. பக்கத்தில் சபாபதி நடந்து வருவதாகவும், சற்று மெதுவாகப் போகச் சொல்வதாகவும் ஒரு நினைப்பு. இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

ஜெயில் சுவர் பனிக்குள் வெள்ளையாக நீண்டு கிடந்தது. பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு திறந்து ஒருவனை வெளியே விட்டு மூடிக்கொண்டது. மெலிந்தவன். கள்ளுக்கடைப் பக்கமிருந்து யாரோ அன்பாகக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் இரண்டடி வைத்தவன் அவளைப் பார்த்து நின்றான்.

"நாகையாவா? சபாபதி வீட்டுல இருந்து வரேன்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "வரமாட்டாங்கன்னு நெனச்சேன்மா. பூவும் பொட்டுமா எதிர்ல நிக்கிறீங்க. இதவிட நல்ல சகுனம் வேணுமா?"

அவள் வேட்டியை நீட்டினாள். சுவர் மறைவில் மாற்றிக்கொண்டு வந்தான். சபாபதியைவிட உயரம், வேட்டி கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. வழியெல்லாம் அவன்தான் பேசினான். ரப்பர் பால் வெட்டிய கித்தாத் தோட்டம், ஓடியது, பிடிபட்டது. அவள் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். இந்தத் தெரு இன்னும் கொஞ்சம் நீண்டுகொண்டே போகட்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

வீட்டுச் சந்தில் திரும்பியதும் சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்டது. அவன் நின்றுவிட்டான்.

"யாரும்மா?"

"என் வீட்டுக்காரரு. ஒன்னைக் கூட்டியாறேன்னு சொன்னவரு."

அவன் அவள் நெற்றியைப் பார்த்தான், பூவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"போகணும்னா போயிடுப்பா," என்றாள். "நான் ஒன்னும் நெனச்சுக்கமாட்டேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பெண்கள் கசமுசவென்றார்கள். ரெங்கசாமி அவள் காலிலிருந்த சேற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் விறகுக்குப் போனவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். சுடுகாட்டு விறகெல்லாம் மழையில் ஊறிக் கிடக்கிறதாம். நடுவில் அடுக்கக் கொஞ்சமாவது காய்ந்த மரம் இருந்தால்தான் தீ நிற்கும் என்றார்கள். மழைக் காலையில் காய்ந்த மரத்துக்கு எங்கே போவதென்று ரெங்கசாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

பவுனம்மாள் கொல்லைப் பக்கம் பார்த்தாள். நாகையா போகவில்லை. கட்டிவைத்திருந்த கொட்டகைக் கதவின் முன்னால், இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருந்தான். தள்ளவில்லை, தட்டவில்லை. கட்டை வேட்டியில், யாராவது வந்து திறக்கட்டும் என்று நின்றிருந்தான். இருட்டும் வரை நிற்பான். அவளுக்கு நேற்று மாலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே இறங்கிப் போனாள்.

"அந்தக் கயித்தை அவிழு."

அவன் தயங்கினான்.

"அவிழுப்பா. நீயே அவிழு."

முடிச்சை அவன் பல்லால் கடித்து அவிழ்த்தான். கதவு அவன் கைக்கு வந்தது. தட்டிப் பார்த்தாள், கூரைச் சரிவுக்கு அடியில் மழை படாமல் நன்றாகக் காய்ந்த மரம்.

"அவரோட இதுவும் போகட்டும்," என்றாள்.

பின்னாலேயே வந்திருந்த ரெங்கசாமி, "கொட்டகைக் கதவும்மா அது," என்றார்.

"கொட்டகைக்குக் கதவு கிடையாது மாமா."

ரெங்கசாமி குனிந்து அந்தக் கயிற்றை எடுத்துச் சுருட்டினார். பிறகு, கொட்டகை ஆட்கள் இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாடையின் பின்பக்கம் பிடிக்கச் சொன்னார்.

தெருமுனைக்கு மேல் பெண்கள் போகக் கூடாது. பவுனம்மாள் அங்கேயே நின்றாள். தப்பு முன்னால் போனது, பாடை போனது, ஊர் போனது. எல்லோருக்கும் பின்னால் நாகையா கதவைத் தலையில் சுமந்துகொண்டு போனான். பனியில் மற்றவர்கள் மறைந்த பிறகும் அந்தக் கதவு மட்டும் சற்று நேரம் தெரிந்தது.

அவள் வீட்டுக்கு வந்து, நடையில் இருந்த செம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்தால் கால் கழுவ வேண்டும். கிணற்றில் புதிதாக மொண்டு வைத்துவிட்டுக் கொல்லையைப் பார்த்தாள். வெயில் கொட்டகைக்குள் பாதி தூரம் போய்ப் படுத்திருந்தது.