மணி வடிவப் பொருள்

முகாமில் அவளுக்குச் 'சுவர் மேடம்' என்று பெயர். பட்டாளத்துக்காரர்கள் வைத்த பெயர். ராணுவ முகாமின் வேலிக்குள் பழங்காலச் சுவர் எதில் ஆணி அடிப்பதாக இருந்தாலும், எங்கே மண்வெட்டி போடுவதாக இருந்தாலும், தொல்பொருள் மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து அவள் சரி என்று சொல்ல வேண்டும். அவள் லேசில் சொல்ல மாட்டாள். பழைய குதிரை லாயத்தை இடித்துவிட்டு வண்டிகள் நிறுத்த இடம் கேட்டு வந்த பொறியாளர், நடையாய் நடந்து, கடைசியில் லாயத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துவிட்டுப் போனதாக கேன்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அன்றைய கூட்டமும் அப்படியொரு இழுபறிதான். துப்பாக்கி சுடும் மைதானத்தைக் கிழக்கே நீட்ட வேண்டும் என்று அதே பொறியாளர் கேட்டிருந்தார். நீட்ட வேண்டிய இடத்தில் அவள் குழி போட்டுப் பார்த்ததில், ஆள் ஆழத்தில் ஒரு பழைய செங்கல் அடித்தளம் கிடைத்திருந்தது. அதைத் திரையில் படம் படமாகக் காட்டிக்கொண்டிருந்தாள். பொறியாளர் கொட்டாவியை மென்று விழுங்கினார். அவருக்குப் பக்கத்தில் வெடிகுண்டு அகற்றும் பிரிவின் அதிகாரி. கையெழுத்துப் போட மட்டும் வந்தவர். ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது அடித்தளத்தை ஒட்டிக் கிடைச்சது. இரும்பு. மேல பூரா துரு மூடியிருக்கு. மணி வடிவத்துல இருக்கு பாருங்க. வழிபாட்டுப் பொருளா இருக்கலாம்."

பொறியாளருக்குத் தூக்கம் கலைந்தது. "என்னன்னு தெரியாத எல்லாத்தையும் சாமி கணக்குல எழுதிடுறீங்க மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வெடிகுண்டு அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதைக் கொஞ்சம் பெருசாக்குங்க."

பெரிதாக்கினாள். படத்தின் குறுகிய முனையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"இது இப்ப எங்க இருக்கு மேடம்?"

"எங்க கொட்டகையில. அந்தப் பழைய சலவைக் கூடம்."

"யார்கிட்ட?"

"என் தம்பிகிட்ட. அவன்தான் துரு எடுக்கிறவன்."

"எதால எடுக்கிறார்?"

"முதல்ல சின்னச் சுத்தியலும் உளியும். அப்புறம் காத்தோட பொடி மணலைப் பீச்சுற மெஷின்." சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க ஆளுங்க பார்க்காம ஒரு துண்டு இரும்பு குழியை விட்டு வரக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். ஆனால் அவளுடைய தொழிலில் ஆழம்தான் வயது. மேலே கிடப்பது நேற்றையது, கீழே கிடப்பது பாட்டன் காலத்தது. மேல் மண்ணைத்தான் குண்டுக்காரர்கள் சோதிப்பார்கள். இவ்வளவு கீழே, ஆயிரம் வருடத்துப் பானை ஓடுகளுக்கு நடுவே கிடக்கும் இரும்பில் குண்டுக்காரர்களுக்கு என்ன வேலை என்று நினைத்துவிட்டாள். அந்த இடத்தில் மட்டும் மண் கொஞ்சம் பொலபொலவென்று இருந்தது. எலி வளை என்று முடிவு கட்டியிருந்தாள். எப்போதோ பயிற்சியில் சுட்டு, மழையில் ஊறிய மண்ணில் விழுந்த குண்டு, வெடிக்காமல் குடைந்துகொண்டு கீழே போகும் என்பதும், போன வழி தானாக மூடிக்கொள்ளும் என்பதும் இப்போதுதான் அவள் புத்தியில் உறைத்தது.

"மோர்ட்டார் குண்டு மாதிரி தெரியுது. வால் ஒடிஞ்சு போயிருக்கு. படத்தை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. நான் சொல்றது தப்பா இருந்தா எனக்குச் சந்தோஷம்தான்," என்றார் அதிகாரி.

"போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க!" என்று பொறியாளர் கத்தினார். கத்தியவரே வாயை மூடிக்கொண்டார். முகாமுக்குள் வருகிற வெளியாட்கள் எல்லோரும் கைபேசியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். தம்பியின் கைபேசியும் அங்கேதான் கிடக்கும். சலவைக் கூடத்துக்குக் கம்பி இழுத்து ஒரு தொலைபேசி வைத்துக் கொடுக்கிறேன் என்று இதே பொறியாளர்தான் முன்பு கேட்டார். அந்தச் சுவரில் துளை போடக் கூடாது என்று மறுத்தவள் அவள். பொறியாளர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவளைப் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அவளும் அதிகாரியும் ஓடிப்போய் ஜீப்பில் ஏறினார்கள். அதிகாரி வண்டியை எடுத்துக்கொண்டே கம்பியில்லாக் கருவியில் பேசினார். சாலையை மறிக்க வேண்டும், கூடத்துப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது, அவருடைய ஆட்கள் பின்னால் வர வேண்டும்.

"சைரன் வேணாம்னு சொல்லுங்க சார்," என்றாள். "அவன் பயந்த சுபாவம். திடீர்னு சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடும் அவனுக்கு. பின்னால போய்த் தோள்ல கை வச்சாலே கையில இருக்கிறதைப் போட்டுடுவான்."

அதிகாரி ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கருவியில், சைரன் கூடாது, கூப்பாடு கூடாது, பூட்ஸ் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்றார்.

வீட்டில் அவனுக்குத் தொடைநடுங்கி என்று பெயர். அலமாரிக் கதவு பட்டென்று சாத்தினால் டீயைச் சட்டையில் கொட்டிக்கொள்வான். வேறு எங்கேயும் வேலைக்கு அனுப்ப மனம் இல்லாமல் அம்மாதான் அவனை இவள் கையில் பிடித்துக் கொடுத்தாள். "உன் கூடவே வச்சுக்கோ. மண்ணும் ஓடும்தானே, அதுல என்ன ஆபத்து வந்துடப் போகுது." அவனும் அந்த வேலைக்கென்றே பிறந்தவன் போல இருந்தான். அவன் தொட்டு இதுவரை ஒரு ஓடு உடைந்ததில்லை. காலையில் பிரியும்போது, "இன்னிக்கு மணியை முடிச்சுடட்டுமாக்கா?" என்று கேட்டான். "முடிச்சுடு, சாயங்காலம் எல்லாருக்கும் காட்டணும்," என்று இவள்தான் சொன்னாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அப்படியே நெட்டித் தள்ளினாள்.

சாலையோரத்தில், மின்பெட்டிக் கம்பத்துக்குப் பக்கத்தில், அதிகாரி வண்டியை ஓசையில்லாமல் நிறுத்தினார். கொட்டகைக்குள்ளிருந்து மெஷின் சத்தம் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் வருகிற வரைக்கும் தம்பி இருக்கிறான் என்று அவள் எண்ணிக்கொண்டாள். அதே சத்தம்தான் அவன் அந்த இரும்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான் என்றும் சொன்னது.

"காதுல அடைப்பான் போட்டிருப்பான். கூப்பிட்டாலும் கேட்காது," என்றாள்.

"பக்கத்துல போனா?"

"துள்ளி விழுவான்."

அப்போதுதான் அவள் கண் மின்பெட்டியில் விழுந்தது. பெட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டவும் அவள் விடவில்லை. அதனால்தான் அது தனியாக ஒரு கம்பத்தில், இங்கே சாலையோரத்தில் தொங்கியது. அவளுடைய பிடிவாதத்தால் விளைந்த ஒரு நல்லது.

"கரண்ட் போனா யாரும் பயப்பட மாட்டாங்க சார். திட்டத்தான் செய்வாங்க. நிறுத்தினா, கையில இருக்கிறதை மணல் தட்டுல வச்சுட்டு உட்கார்ந்துடுவான். அதுதான் அவன் பழக்கம்."

அதிகாரி தலையசைத்தார். அவள் நெம்புகோலைக் கீழே இறக்கினாள். உஸ்ஸென்ற சத்தம் மெல்ல மெல்ல இளைத்து அடங்கியது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம். காலடிச் சத்தம்.

அவன் உட்காரவில்லை. வெளியே வந்தான்.

உள்ளே இருட்டாகிவிட்டதல்லவா, வெயில் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று அதையும் கையோடு கொண்டு வந்துவிட்டான். படியிறங்கி வாசலில் நின்றான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காதடைப்பானைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். முகமெல்லாம் துருப்பொடி. இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"அக்கா! கூட்டம் அதுக்குள்ள முடிஞ்சுதா? இங்க வந்து பாரேன். கழுத்துல வரி வரியா வேலைப்பாடு. இம்மி பிசகாம ஒரே அளவுல கீறியிருக்கான்க்கா. அந்தக் காலத்துல எப்படித்தான் செஞ்சானோ!"

அது வேலைப்பாடு இல்லை, குண்டின் மூக்கைத் திருகி மாட்டும் மரை. அதிகாரி ஜீப்பின் மறைவில் குனிந்தபடி, வாய்க்குள்ளேயே பேசினார். "அங்கேயே கீழ வைக்கச் சொல்லுங்க. மெதுவா. நீங்க ஒரு அடிகூட முன்னால போகாதீங்க."

அவள் வாயைத் திறந்தாள். அன்றாடம் பேசுகிற குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தாள்.

"பார்க்கிறேன்டா. முதல்ல அதை அப்படியே கீழ வை."

"கீழயா? தரையிலயா?" அவன் சிரித்தான். "போன வாரம் ஒரு ஓட்டைத் தரையில வச்சதுக்கு என்னைப் பொழுதுக்கும் வறுத்தெடுத்த. இப்ப நீயே சொல்றியா?"

"பரவாயில்ல, வைடா."

"சிமெண்ட்டுக்கா இது. வெறும் சிமெண்ட்டு. கீறல் விழுந்தா நீதான் அழுவ. இரு, உள்ளே போய்த் தட்டு எடுத்துட்டு வரேன்."

திரும்பினான். கூடத்தின் வாசல் படி உயரமானது, நடுவில் தேய்ந்து வழுவழுவென்று கிடக்கும். வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைகிறவன் கண்ணுக்குப் படி எங்கே தெரியப் போகிறது? காரணத்தைச் சொன்னால் கை உதறும். சொல்லாவிட்டால் உள்ளே போவான். சொல்லிக் கொடுத்த பாடத்தை இப்படி உயிரைக் கொடுத்துக் கடைப்பிடிப்பான் என்று யார் கண்டது?

"நில்லுடா! தட்டு வேணாம். நான் மெத்தை கொண்டு வரேன். அசையாம நில்லு, வேலைப்பாட்டை நானே வெளிச்சத்துல பார்க்கணும்."

நின்றான். அவள் ஜீப்பின் முன்சீட்டு மெத்தையை உருவி எடுத்தாள். அதிகாரி அவள் சட்டைக் கையைப் பிடித்தார். "மேடம், வேணாம். நான் போறேன்."

"உங்களைப் பார்த்தா அவன் மிரண்டுடுவான் சார். என்னைப் பார்த்து மிரள மாட்டான்."

கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். ஓட முடியாது, ஓடினால் அவன் ஏன் என்று கேட்பான். முகத்தில் ஒரு சிரிப்பையும் ஒட்டவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிட்டே போகப் போக மரை நன்றாகத் தெரிந்தது, மூக்கு தெரிந்தது. இதையா மணி என்று எழுதினேன் என்று நினைத்தாள். குனிந்து அவன் காலடியில் மெத்தையை வைத்தாள். பல டிரைவர்கள் உட்கார்ந்து எழுந்து நடுவில் குழி விழுந்த மெத்தை.

அவன் மண்டியிட்டான். பழைய பொருளை இரண்டு பேர் சேர்ந்து இறக்கும்போது ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். அதுவரை கையை அசைக்கக் கூடாது. அதுவும் அவள் வைத்த சட்டம்தான்.

"போகலாமா?" என்றான்.

அவள் கண் அந்த மரையிலேயே இருந்தது.

"அக்கா, போகலாமான்னு கேட்டேன்."

"போகலாம்."

இறக்கினான். தூங்கும் குழந்தையை மடியிலிருந்து இறக்குவது போல இறக்கினான். எந்தக் குண்டு நிபுணரும் ஒரு குண்டை அத்தனை பதமாக வைத்திருக்க மாட்டார். ஆயிரம் வருடம் தாங்கிய பொருள் தன் கையில் கெட்டுவிடக் கூடாது என்ற பயம்தான் அவனுக்கு. சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து, உருளாமல் இருக்கப் பக்கத்தில் சுருட்டி வைத்தான்.

"இரு, அடையாளச் சீட்டை எடுத்துட்டு..."

"அப்புறம் எடுக்கலாம். ஒரு நிமிஷம் என் கூட வா."

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"உன் கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

"காலையில சாப்பிடல."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முதுகு முழுக்கக் கண் முளைத்து, அத்தனையும் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. சுடும் மைதானத்தின் மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. முழுதாக வரவில்லை.

அதிகாரி தொலைநோக்கியால் பார்த்துவிட்டு, தன் ஆட்களோடு பேசிவிட்டு வந்தார். அவருடைய நெற்றியெல்லாம் வியர்வை.

"உயிரோடதான் இருக்கு மேடம். இனிமே அதைத் தூக்க முடியாது. இருக்கிற இடத்துலயே வெடிக்க வைக்கணும். சலவைக் கூடத்தோட முன்சுவர் போயிடும். உங்க பிரிவு அனுமதி கொடுக்கணும்..."

"போகட்டும் சார்."

"முழுச் சுவரும் போகும்."

"போகட்டும்."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "எந்தச் சுவரு? என்னத்த வெடிக்க வைக்கப் போறீங்க?"

அதிகாரியின் கண் அவன் கைகளுக்குப் போனது. அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். துருவின் சிவப்பு அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவன் முகத்தில் ரத்தம் வற்றியது. மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"காலையிலேருந்து மடியில வச்சுத்தான் செதுக்கினேன்," என்றான். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா. மெத்தையைத் தூக்கிட்டு வந்தியே, அப்ப உனக்குத் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரிஞ்சேவா வந்த?" எழுந்துவிட்டான். பிறந்ததிலிருந்து அவளிடம் குரல் உயர்த்தாதவன், மேடே அதிரும்படி கத்தினான். "அறிவிருக்கா உனக்கு? வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு உனக்கு! வெடிச்சிருந்தா? நான் ஒருத்தன் போயிருந்தா போயிட்டுப் போறேன். அங்கேருந்தே சொல்லியிருக்கக் கூடாது?"

அதுவரை கட்டி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு உடைந்து போயிற்று. அழுகையினூடே அவன் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சொன்னேனேடா. நீதான் தரையில வைக்க மாட்டேன்னுட்ட."