பஸ்ராவுக்குப் போன பன்னிரண்டு பேரின் சம்பளம்

அது எழுபத்தேழாம் வருஷம். அரபு நாட்டில், பஸ்ராவில் கொதிகலன் பொருத்தும் வேலை தாம்பரம் கம்பெனிக்குக் கிடைத்தது. அங்கே அனுப்பப்போகும் பன்னிரண்டு வெல்டர்களுக்கு என்ன சம்பளம் போடலாம் என்று பார்க்கும் பொறுப்பு தபீதாளிடம் வந்தது. பதினொரு வருஷம் சம்பளப் பிரிவில் இருந்தும் இப்படியொரு வேலை அவளுக்கு வாய்த்ததில்லை. அங்கே ரொட்டி என்ன விலை, அறை வாடகை எவ்வளவு, அந்த நாட்டுச் சட்டம் எத்தனை மணி நேரம் வேலை வாங்க விடுகிறது என்று கடிதம் எழுதி எழுதி விசாரித்தாள். ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் கணக்குப் போட்டாள். குடும்பத்துக்கு மாதாமாதம் இங்கே ஒரு பங்கு, அங்கே கையில் ஒரு பங்கு, ஓவர்டைமுக்குத் தனி.

வெல்டர் சின்னப்பனை உட்காரவைத்து விளக்கினாள். அவன் தாளைத் தொடவே கூசினான்.

"இத்தினியும் குடுப்பாங்களாம்மா?"

கொடுப்பார்கள் என்றாள்.

மானேஜர் ஸ்ரீரங்கன் அந்தத் தாளைப் படித்துப் பாராட்டினார். பிறகு கதவைச் சாத்தினார். "எமிகிரேஷன் ஆபீசுக்கு இதுவே போகட்டும். கையில பாதிதான். அங்க போய் இறங்கினப்புறம் அவங்ககிட்ட சொல்லிக்கலாம்."

தபீதாள் முடியாது என்றாள். அப்படியானால் ஆர்டர் பம்பாய்க்காரனுக்குப் போய்விடும், பன்னிரண்டு பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்றார் அவர். அவள் வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். தங்கை யூனிஸின் நர்ஸிங் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. தபீதாள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

பம்பாய் போய்க் கப்பலேற இருந்தவர்களை வழியனுப்பச் சென்ட்ரலுக்கும் போனாள். சின்னப்பனின் மனைவி செல்லம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வண்டி கிளம்பும்வரை வாயைத் திறக்கவில்லை.

அங்கே பாதிச் சம்பளம்தான் கைக்கு வந்தது. எட்டாம் மாதம் வெல்டர்கள் வேலையை நிறுத்தினார்கள். பாஸ்போர்ட்டெல்லாம் கம்பெனியிடம் இருந்தது. முழுச் சம்பளமும் வாங்கிக்கொண்டதாக ரசீதில் கையெழுத்துப் போட்ட பிறகே அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்ததும் அவர்கள் கேஸ் போட்டார்கள்.

யாரும் கூப்பிடாமலே தபீதாள் முன்வந்து, வெல்டர்கள் தரப்பில் சாட்சிக் கூண்டில் ஏறி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கம்பெனி வக்கீல் அவள் போட்ட தாளையும் ரசீதுகளையும் மேஜையில் வைத்தார். சட்டப்படியான சம்பளம் தாளில் இருந்தது. வாங்கிக்கொண்டதற்கு ரசீது இருந்தது. அவள் சொன்னதற்கு எந்தக் காகிதமும் இல்லை. கேஸ் தள்ளுபடியானது.

வெளியே மரத்தடியில் சின்னப்பன் நின்றிருந்தான். அவள் தயங்கித் தயங்கி அருகில் போனாள்.

"நீங்க போட்டது நல்ல சம்பளம்தாம்மா," என்றான். குரலில் கோபமே இல்லை. "அந்தத் தாளு மட்டும் இல்லாங்காட்டி எங்க கேஸ் நின்னிருக்கும்."

செல்லம்மா அவளைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

மறுநாளே தபீதாளை வேலையிலிருந்து நீக்கினார்கள். யூனிஸ் பாதியில் படிப்பை விட்டு வந்தாள். தபீதாள் மனுப் போட்ட கம்பெனிகளில் எல்லாம், முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். சம்பளம் போட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.